கறுப்புக் காய் விழுந்தவன் கடமை



சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. போட்டிக்குப் போய்த் தோற்றுத் திரும்பிய பிள்ளையிடம், "என்னடா ஆயிற்று?" என்று கேட்டால், "எனக்குக் கறுப்புக் காய் விழுந்துவிட்டது" என்கிறான். தகப்பனாரும், "அதற்கு நீ என்ன செய்வாய், போ, சாப்பிடு" என்று தேற்றி அனுப்பிவிடுகிறார். பிள்ளை சாப்பிடட்டும், அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள்ளே பெரியவர்களாகிய நம்மையும் பிடிக்கிற ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. தன் குற்றம் எதுவுமின்றி ஒரு படி பின்னே நின்று தொடங்குகிறவனுக்கு உரிய கடமை என்ன? தன் தோல்விக்கு அவன் உத்தரவாதியா, அல்லவா?

விளையாட்டைப் பற்றிக் குருவானவர் எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். கேட்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் கர்தினாலாயிருந்த அர்ச். இராயப்பர் தமியான், பிளாரன்ஸ் நகர மேற்றிராணியார் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார் என்று கண்டித்து, சங்கீதங்கள் முழுவதையும் மூன்று முறை சொல்லவும், 12 ஏழைகளின் பாதங்களைக் கழுவி அவர்களுக்குத் தர்மம் கொடுக்கவும் அபராதம் விதித்தார். ஐந்நூறு வருஷம் கழித்துக் காற்று வேறு பக்கம் வீசியது. ஸ்பெயின் தேசத்தில் ரூய் லோப்பஸ் என்ற குருவானவரே 1561-இல் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூலை அச்சிட்டார். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் ஒன்று இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நாம் மந்திரி என்று சொல்லும் காயை ஆங்கிலேயர் "பிஷப்" என்றே அழைக்கிறார்கள். ஆகவே எனக்கு அபராதம் ஏதும் வராது என்று நம்பி மேலே செல்கிறேன்.

ஆட்டம் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சதுரங்கத்தில் இரு பக்கத்துக்கும் படை ஒன்றே: ராஜா, ராணி, இரண்டு யானை, இரண்டு மந்திரி, இரண்டு குதிரை, எட்டுச் சிப்பாய். ஒரே ஒரு வித்தியாசந்தான். வெள்ளை முதலில் நகரும். இஃது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கைதேர்ந்தவர்களின் ஆட்டங்களைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தவர்கள், 100 புள்ளியில் ஏறத்தாழ 54 அல்லது 55 வெள்ளைக்குப் போகிறது என்று காண்கிறார்கள். ஆகையால் பிள்ளை சொல்வது முழுப் பொய் அல்ல. கறுப்புக் காய் விழுந்தவனுக்குச் சிறிது பாரம் கூடுதல். சிறிதுதான், ஆனாலும் உண்மை. 54-க்கு எதிரே 46 என்பது பூச்சியம் அல்ல என்பதும் அதே அளவுக்கு உண்மை. நம்முடைய முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. அடியில் ஓர் உண்மை இருக்கும். அதன்மேல் நாம் எழுப்புகிற மாடந்தான் பொய்யாயிருக்கும்.

இந்த இடத்தில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நமக்கு உதவிக்கு வருகிறார். தலையான புண்ணியங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்: விவேகம், நீதி, திடம், மட்டசனம். இவற்றில் திடம் என்ற புண்ணியத்தின் முதன்மையான செயல் எது என்று அவர் ஆராய்கிறார். நாமாயிருந்தால், பகைவன்மேல் பாய்வதுதான் என்போம். அவரோ, பாய்வதைவிடத் தாங்கி நிற்பதே மேலானது என்று தீர்க்கிறார். அதற்கு மூன்று நியாயங்கள் காட்டுகிறார். தாக்குகிறவன் தன்னைப் பலசாலியாக எண்ணித் தாக்குகிறான். தாங்குகிறவனோ தன்னிலும் பலத்தவனை எதிர்த்து நிற்கிறான். தாக்குகிறவனுக்கு ஆபத்து இனிமேல் வரப்போகிற ஒன்று. தாங்குகிறவனுக்கு அது இப்போதே தலைமேல் நிற்கிறது. தாக்குதல் ஒரு நொடியில் முடிந்துவிடலாம். தாங்குதலோ நெடுநேரம் நீடிக்கவேண்டும்.

கறுப்புக் காயோடு நாலு மணி நேரம் உட்கார்ந்தவனைக் கேட்டுப் பாருங்கள். இந்த மூன்று நியாயங்களும் அவனுக்குப் புத்தகமில்லாமலே விளங்கும். முதல் காயை எதிராளி நகர்த்துகிறான். என்ன மாதிரி ஆட்டம் என்பதைப் பெரும்பாலும் அவன் தெரிந்துகொள்கிறான். இவன் முதலில் பார்க்கவேண்டும், பிறகு பொறுக்கவேண்டும், பிறகே தன் எண்ணத்தை நடத்தலாம்.

ஆனால் பொறுத்தல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்று யாரும் நினைக்கவேண்டாம். கறுப்பில் மோசமாக ஆடும் பிள்ளைகளைக் கவனித்தால் அவர்களில் இரண்டு வகையைக் காணலாம். ஒருவன் ஒடுங்கிப் போகிறான். எல்லாக் காய்களையும் ராஜாவைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, எதிராளி என்ன செய்வானோ என்று நடுங்கியிருக்கிறான். அவனை எதிராளி மெல்ல மெல்ல நெரித்தே கொல்வான். மற்றவன் எதிராளி செய்ததையே தானும் செய்கிறான். அவன் குதிரையை எடுத்தால் இவனும் குதிரை. அவன் வெட்டினால் இவனும் வெட்டு. இந்த இரண்டாமவனுக்கு நேரும் கதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெட்ரோவ் என்ற ரஷ்யரின் பெயரால் ஒரு தற்காப்பு முறை உண்டு. வீட்டில் பலகை இருந்தால் காய்களை வைத்துப் பாருங்கள். வெள்ளை, ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறது, கறுப்பும் அவ்வாறே. வெள்ளை தன் ராஜாவின் பக்கத்துக் குதிரையை வெளியே விட்டு, அந்தக் கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கிறது; கறுப்பும் அவ்வாறே. வெள்ளைக் குதிரை சிப்பாயை வெட்டுகிறது. "நீ என் சிப்பாயை வெட்டினாயா? இதோ, உன் சிப்பாயை நான் வெட்டுகிறேன்" என்று கறுப்பும் உடனே வெட்டுகிறது. கணக்கு நேராயிற்று என்று பிள்ளைக்குத் திருப்தி. இப்போது வெள்ளை தன் ராணியை ராஜாவுக்கு முன்னே கொண்டுவந்து அந்தக் கறுப்புக் குதிரையைத் தாக்குகிறது. பிள்ளை பயந்து குதிரையைப் பழைய இடத்துக்கு இழுக்கிறான். அவ்வளவுதான். வெள்ளைக் குதிரை சட்டென்று விலகிக் கறுப்பு ராணியைக் குறிவைத்து நிற்கிறது. அது விலகின வழியாகவே வெள்ளை ராணி கறுப்பு ராஜாவுக்குச் செக் சொல்கிறது. ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும், ராணி போயிற்று. ஆறு காயைக்கூட நகர்த்தி முடியவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது.

இதே நிலையில் தெரிந்தவன் என்ன செய்கிறான்? வெள்ளைக் குதிரை தன் சிப்பாயை வெட்டினவுடன் அவன் பதிலுக்கு வெட்டுவதில்லை. ராணியின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்து, நடுவில் வந்து உட்கார்ந்த அந்தக் குதிரையை முதலில் வெளியேற்றுகிறான். அது போனபின்பு, தனக்குரிய சிப்பாயை நிதானமாக எடுத்துக்கொள்கிறான். நஷ்டம் ஏதுமில்லை, ராணியும் பத்திரம். வித்தியாசம் ஒரே ஒரு காய் நகர்த்தலில் இருக்கிறது. பழிக்குப் பழி வாங்குவதைச் சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் விலக்குகிறபோது, நாம் அதை ஏதோ சந்நியாசிகளுக்குச் சொன்ன புத்திமதியாக எண்ணிவிடுகிறோம். பதிலுக்குப் பதில் செய்கிறவன் உண்மையில் எதிராளியின் ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கிறான். அதிலும் ஒரு படி பின்னே நின்று ஆடுகிறான். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு, சம்பந்தி வீட்டில் ஒரு சொல். இவையெல்லாம் நாலைந்து நகர்த்தலுக்குள் ராணியைப் பறிகொடுத்துவிட்டு நிற்பதை நாம் கண்ணால் காண்கிறோம்.

கறுப்பில் தேற விரும்புகிறவனுக்குச் சதுரங்க ஆசிரியர்கள் சொல்லும் புத்திகளில் வேறு இரண்டையும் குறிப்பிடுகிறேன். பத்துத் தற்காப்பு முறைகளை அரைகுறையாகப் படிக்காதே. ஒன்றிரண்டை எடுத்து அவற்றின் காரணகாரியத்தோடு படி என்பது ஒன்று. எந்த முறையை எடுத்தாலும் அதில் ஒரு குறை கூடவே வரும். "பிரெஞ்சுத் தற்காப்பு" என்பதில் அரண் உறுதியாயிருக்கும். ஆனால் ராணிப் பக்கத்து மந்திரி தன் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். அதைத் தெரிந்து ஏற்றுக்கொண்டு, அந்த மந்திரியை என்றைக்கு எவ்வழியாக வெளியே கொண்டுவருவது என்று பொறுமையாகத் தேடுகிறவனே அந்த முறையில் தேறுகிறான். குறையில்லாத முறையைத் தேடி மாதம் ஒரு முறைக்குத் தாவுகிறவன் எதிலும் தேறுவதில்லை. இஃது அழைத்தலைப் பற்றியும் சொல்லத் தகுந்தது. ஆனால் அதை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

மற்றொரு புத்தி, இடம் நெருக்கடியாயிருக்கிறபோது காய்களை மாற்றிக்கொள் என்பது. சிறிய வீட்டில் சாமான் குறைந்தால் நடமாட இடம் கிடைக்குமல்லவா? 1894 முதல் 1921 வரை 27 வருஷம் உலக சாம்பியனாயிருந்த இம்மானுவேல் லாஸ்கர் பெயரால் இப்படிப்பட்ட ஒரு தற்காப்பு உண்டு. குதிரையைத் துணிந்து நடுவிலே வைத்து, இரண்டு ஜோடிக் காய்களை ஆரம்பத்திலேயே மாற்றிக்கொண்டு மூச்சுவிட இடம் தேடுகிற முறை அது. அதில் பகட்டு எதுவும் இல்லை.

இந்த லாஸ்கர் முறையை நம் நாட்டார் ஒருவர் எப்போது எடுத்தாண்டார் என்பது அறியத்தக்கது. 2010-ஆம் வருஷம் பல்கேரிய நாட்டின் சோபியா நகரில் உலக சாம்பியன் பட்டத்துக்காகச் சென்னையின் விசுவநாதன் ஆனந்தும் பல்கேரியரான டோபலோவும் மோதினார்கள். ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் பிராங்பர்ட் நகரில் அகப்பட்டுக்கொண்டு, அங்கிருந்து சுமார் 40 மணி நேரம் தரைவழியே பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் தவணை கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டம் கறுப்பில், தோற்றார். பதினொரு ஆட்டம் முடிந்தபோது இருவரும் சமன். பன்னிரண்டாவதும் கடைசியுமான ஆட்டத்தில் வெள்ளை டோபலோவுக்கு, கறுப்பு ஆனந்துக்கு. அதுவும் எதிராளியின் சொந்த நாட்டில்.

ஆனந்த் எடுத்தது அந்தப் பகட்டில்லாத லாஸ்கர் தற்காப்பை. வெற்றியைத் தேடி அவர் ஓடவில்லை. நிலையைச் சமன் செய்தார். சமனில் முடிந்தால் அடுத்து விரைவு ஆட்டங்கள். அவற்றில் ஆனந்தின் திறமை உலகறிந்தது. ஆகையால் வெள்ளைக்காரரே ஆட்டத்தை இழுக்கத் தொடங்கினார். 31-ஆம் நகர்த்தலில் ஒரு சிப்பாயை வெட்டினார். 32-ஆம் நகர்த்தலில், தம் ராஜாவுக்குக் காவல் நின்ற சிப்பாயைக்கொண்டே இன்னொன்றையும் வெட்டினார். காவல் போனவுடன் கறுப்பு ராணியும் மந்திரியும் யானையும் உள்ளே புகுந்தன. 56-ஆம் நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது; பட்டம் ஆனந்திடமே நின்றது.

2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்ததும் ஏறத்தாழ இதே. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீன தேசத்து டிங் லிரனும் பதிமூன்று ஆட்டம் ஆடிச் சமனாயிருந்தார்கள். பதினான்காவதில் குகேஷுக்குக் கறுப்பு. காய்கள் பெரும்பாலும் தீர்ந்து, கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. ஆனாலும் சமன்தான் ஆகும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்ன நிலை. பையன் எழுந்திருக்கவில்லை. சலிக்காமல் சிறு சிறு கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். மூன்று நகர்த்தலில் எல்லாம் முடிந்தது. கறுப்பு விழுந்தது என்று வீட்டில் வந்து அழுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நம் ஊரிலிருந்து உலக சாம்பியனான இருவருமே பட்டம் தீர்ந்த அந்தக் கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களால் ஜெயித்தவர்கள்.

நிற்க. இங்கே மனச்சாட்சியுள்ள ஒருவர் ஒரு தடை சொல்லக்கூடும். "சுவாமி, இரண்டு ஆட்டத்திலும் எதிராளி தவறினான், அதனால் இவர்கள் ஜெயித்தார்கள். அயலான் விழுவதை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஒரு புண்ணியமா?" நல்ல கேள்வி. அயலான் விழவேண்டும் என்று ஆசைப்படுவது வேறு. அவன் விழுந்தாலும் விழாவிட்டாலும் நான் நின்றுகொண்டிருப்பேன் என்று தீர்மானிப்பது வேறு. முதலாவது பொறாமை. அது தன் பலகையைப் பார்க்காது, எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது திடம். அந்த 55-ஆம் நகர்த்தல் வந்திராவிட்டால் ஆட்டம் சமனில் முடிந்து, மறுநாள் குகேஷ் திரும்பவும் வந்து உட்கார்ந்திருப்பார்; அவ்வளவே. இருவித மனமும் வெளியே ஒரே மாதிரி தெரிவதுதான் சங்கடம். எதிராளி விழுந்த பிறகுதான் அடையாளம் காணலாம். ஜெயித்த அன்று அந்தப் பிள்ளை டிங்கை மெய்யான சாம்பியன் என்று எல்லார் முன்னும் புகழ்ந்தான். அதே போட்டியில் முதல் ஆட்டத்தில் டிங்கும் கறுப்பில் ஆடி இவனைத் தோற்கடித்திருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தப் புகழ்ச்சியில் முகஸ்துதி இல்லை என்று காண்போம்.

அர்ச். அவிலா தெரேசம்மாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ரூய் லோப்பஸ் வாழ்ந்த அதே நாட்டில், அதே நூற்றாண்டில், தம் கன்னியாஸ்திரிகளுக்கு ஜெபத்தைப் பற்றி எழுதும்போது அந்தத் தாயார் சதுரங்கத்தை உவமையாக எடுத்தார்கள். மடத்தில் இல்லாத விளையாட்டைப் பேசுவதற்காக வருத்தமும் தெரிவித்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை எழுதியபோது அந்தப் பக்கங்களை நீக்கியும் விட்டார்கள். அவர்கள் கருத்து என்னவென்றால், ராஜாவைப் பிடிக்கவல்ல காய் ராணி. சர்வேசுரனாகிய இராஜாவை மடக்கவல்ல ராணி தாழ்ச்சி. தேவமாதாவின் தாழ்ச்சியே அவரைப் பரலோகத்திலிருந்து அவர்கள் திருவயிற்றில் இறங்கச் செய்தது. தாழ்ச்சி என்றால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வது என்று எண்ணுகிறவர்கள், அதை ஒரு புனிதவதி பலகையிலுள்ள மிக வலிய காய்க்கு ஒப்பிட்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இவ்வளவும் கறுப்பு விழுந்தவனுக்கு. ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் அநியாயம் செய்தவனாவேன். ஏனென்றால் சதுரங்கத்துக்கும் சீவியத்துக்கும் ஒரு பெரிய பேதம் இருக்கிறது. சதுரங்கத்தில் நிறம் மாறும். 14 ஆட்டம் என்றால் ஏழில் உனக்கு வெள்ளை, ஏழில் எனக்கு. ஒரே ஆட்டத்தில் தீர்க்கவேண்டி வந்தால் அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அருளப்பர் காட்சியாகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் இடப்பெயரைக்கொண்டு "ஆர்மகெடான்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் கறுப்புக்குக் கடிகார நேரம் குறைவு. ஆனால் சமன் செய்தாலே கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. அதாவது, முதல் நகர்த்தல் ஒரு சலுகை என்று விதி வகுத்தவர்களே ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடு கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக்காரருக்கே இவ்வளவு நீதி தெரிந்திருக்கிறது.

ஊரிலோ சிலருக்குத் தலைமுறை தலைமுறையாக வெள்ளைக் காய், சிலருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு. கூலிக்குப் போகும் தாயின் மகன் வீட்டில் முதல்முதலாக எழுத்துப் படிக்கிறான். அவனும், தனிப்பாடத்துக்குக் காரில் போய் வரும் பிள்ளையும் ஒரே பரீட்சை எழுதுகிறார்கள். பொறுமையைப் பற்றியும் திடத்தைப் பற்றியும் அவனுக்குப் பிரசங்கம் செய்வது எளிது. நான் மேலே எழுதியதையெல்லாம் வெள்ளைக் காய் வைத்திருக்கிற ஒருவர் எடுத்து அவனிடம் படித்துக் காட்டினால், அது மகா அக்கிரமமாகும். திடம் ஒருவன் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளவேண்டிய புண்ணியம். அயலானிடத்தில் அதைக் கேட்கும் முன் நாம் அவனுக்குச் செலுத்தவேண்டியது நீதி. நான்கு தலையான புண்ணியங்களில் அதுவும் ஒன்றல்லவா?

ஆகையால் ஒரு காரியம் கேட்கிறேன். அந்தி மயங்கியபின் புத்தகத்தை விரித்து வைக்க அமைதியான ஓர் இடம் இல்லாத பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் அன்பியமும் இந்த மாதக் கூட்டத்தில் எண்ணிச் சொல்லவேண்டும். பங்கு மண்டபம் வார நாட்களில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை காலியாயிருக்கிறது. விளக்கும் விசிறியும் உண்டு. நீளமான மேசைகள் நான்கு உண்டு. கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரக் கூடியவர்கள் வாரத்தில் ஒரு மாலை கொடுத்தாலும் போதும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் என்னிடம் பெயர் கொடுக்கலாம். மண்டப அலமாரியில் இரண்டு சதுரங்கப் பலகைகளும் இருக்கின்றன. ஒன்றில் ஒரு கறுப்புக் குதிரை காணாமற் போயிருக்கிறது. யார் வீட்டிலாவது அகப்பட்டால் கொண்டுவந்து சேர்க்கவும்.